வள்ளி டீச்சர் வீட்டு நிலை

கண்காட்சி திறந்த மறுநாள் காலையில் உவர்மேட்டில் ஒரு பெண்ணுக்கும் கோலம் வரவில்லை. வாசல் தெளித்து, குனிந்து, கோலப்பொடியை விரலிடுக்கில் எடுத்த கைகள் எடுத்தபடியே நின்றன. பொடி விழுந்தது, ஆனால் புள்ளியாக விழாமல் வெறும் பொடியாக விழுந்தது. விழுந்ததைக் கூட்டித் தள்ளிவிட்டு மறுபடி குனிந்தார்கள், மறுபடியும் பொடிதான் விழுந்தது. கீழத் தெருவில் ஒருத்தி தன் கையை முகர்ந்து பார்த்தாள், மேலத் தெருவில் ஒருத்தி சத்தமில்லாமல் அழுதாள். நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பெண்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்டுவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று ஒவ்வொருத்திக்கும் பயமாக இருந்தது.

அதே நேரம் பஜாரில் டீக்கடை மீரான் டீ ஆற்றுவதற்காக வலது கையை உயர்த்தினார். உயர்ந்த குவளையிலிருந்து இறங்கிய டீ இடது கைக் குவளைக்கு வந்து சேராமல் நேராகத் தரைக்குப் போனது.

"என்ன பாய், வயசாயிட்டா?" என்று பெஞ்சில் இருந்தவர் சிரித்தார்.

மீரான் இரண்டாவது முறை ஆற்றினார். இரண்டாவது டீயையும் தரையே குடித்தது. சிரித்தவர் எழுந்துபோய்த் தானே வாங்கி ஆற்றிப் பார்த்தார், அவர் வேட்டிதான் நனைந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வேலைக்குக் கிளம்பியவர்கள் வீட்டைப் பூட்டினார்கள், பூட்டு விழுந்த சத்தமும் கேட்டது, ஆனால் பூட்டிய பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்க்கும் அந்தக் கை மட்டும் எழவில்லை. இழுத்துப் பார்க்காத பூட்டை நம்ப முடியாமல் ஊர் முழுக்க ஆண்களும் பெண்களும் தங்கள் வீட்டுக் கதவுகளுக்கு முன்னால், அயல்வீட்டுக்கு வந்தவர்களைப் போல நின்றுகொண்டிருந்தார்கள்.

உவர்மேடு உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. ஊருக்குள் வர ஒரே சாலை, சாலையில் ஒரு பாலம், பாலத்துக்கு அடியில் உப்புத் தண்ணீர் ஓடும் ஓடை. அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் படம் வரைகிற நான்கு பேர் இருந்தார்கள். மளிகை மொத்த வியாபாரம் தங்கதுரை அண்ணாச்சி, அவர் மனைவி கோமு, டீக்கடை மீரான், பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற வள்ளித்தாய். உப்பு மூட்டை அடுக்கிவைத்திருந்து இப்போது சும்மா கிடக்கிற பழைய கிட்டங்கிதான் அவர்கள் கூடுகிற இடம். கோபுரமும் கடலும் சூரியனும் வரைந்து அலுத்துப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமுதான் சொன்னாள்: "நாம தினமும் செய்யுதோம்லா, அதையே வைப்போம். செய்யுதமே தவிர யாரு அதப் பாக்கா?"

அப்படித்தான் கண்காட்சிக்கு 'தினப்படி' என்று பெயர் வந்தது. கோமு கறுப்புப் பலகை ஒன்றில் சிக்குக் கோலம் போட்டாள், இழை எங்கே தொடங்கியது என்று அவளுக்கே பிறகு தெரியவில்லை. மீரான் செம்புக் கம்பிகளை வளைத்து, டீ நிறம் பூசி, இரண்டு குவளைகளுக்கு நடுவே அந்தரத்தில் ஒரு டீ ஆற்றலை நிறுத்திவைத்தார். அண்ணாச்சி, பூட்டை இழுத்துப் பார்க்கிற ஒரு கையை வரைந்தார், நகத்தடியில் இருந்த அழுக்கு வரை வரைந்தார்.

வள்ளி டீச்சருக்குத்தான் எதை வைப்பது என்று பிடிபடவில்லை. அவள் வீட்டுக்காரர் பேச்சிமுத்து உப்பு லாரி ஓட்டுகிறவர். பாலக்காட்டுக்கும் பெங்களூருக்கும் உப்பேற்றிப் போவார், வந்ததும் குளிப்பார், தூங்குவார், மறுபடி போவார். போகும்போது வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு, ஒருதரம் இருமிவிட்டு, "போயிட்டு வாரேன்" என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு. அந்தப் பக்கத்தில் வெளியே கிளம்புகிற யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். அந்தச் சொல் திரும்பி வராதவர்களுடையது. தெரியாமல் சொல்லிவிட்ட பிள்ளையின் வாயில் பட்டென்று ஒன்று வைத்து, "போயிட்டு வாரேன்னு சொல்லு" என்று திருத்திச் சொல்லவைத்த பிறகுதான் அம்மாக்கள் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புவார்கள். இத்தனை வருஷமாகத் தன் வீட்டு வாசலில் தினமும் சொல்லப்பட்டு, தினமும் காற்றோடு போய்விட்ட அந்த ஒரு வாக்கியத்தை வள்ளி டீச்சர் ஒருநாள் அவருக்குத் தெரியாமல் செல்போனில் பதிந்துகொண்டாள். பதிந்த பிறகுதான், வாசல் இல்லாமல் அந்த வாக்கியத்தை எங்கே நிறுத்துவது என்று யோசித்தாள். யோசித்து, தன் வீட்டு வாசல் நிலையையே பெயர்த்துக் கொண்டுபோவது என்று முடிவு செய்தாள்.

தச்சு வேலைக்கு வந்தவர் உளியைப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டார். "குடியிருக்கிற வீட்டுல நிலையைக் கழத்துவாவளா? இடிக்கிற வீட்டுலதான் டீச்சர் கழத்துவாவ. மஞ்ச குங்குமம் வச்சு நிறுத்துன நிலை. நான் தொட மாட்டேன்."

"ஒரு வாரந்தான். பொறவு கொண்டாந்து மாட்டிருவோம்."

"படமா வரைஞ்சிட்டுப் போங்களேன்."

"படத்துல யாரு நுழைவா?" என்றாள் வள்ளி டீச்சர்.

கடைசியில் அண்ணாச்சி கடை ஆட்கள் வந்து கடப்பாரை போட்டுப் பெயர்த்தார்கள். பெங்களூரிலிருந்து திரும்பிய பேச்சிமுத்து, சுவரில் சதை பிய்ந்ததுபோல் இருந்த அந்த ஓட்டைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"ஏ வள்ளி, வாசலை எங்க வச்ச?"

"கிட்டங்கியில இருக்கு. வந்துரும்."

"சரி. நான் இப்ப வீட்டுக்குள்ள வரவா, சுவத்துக்குள்ள வரவா?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து வந்தார், குனிய வேண்டிய தேவை இப்போது இல்லை என்றாலும்.

கண்காட்சி திறந்த அன்று ஊரே வந்தது. கிட்டங்கியின் நடுவில் அந்த நிலை மட்டும் தனியாக நின்றது. யார் அதைத் தாண்டினாலும் மேலே பொருத்தியிருந்த சின்ன ஸ்பீக்கர் ஒருதரம் இருமிவிட்டு "போயிட்டு வாரேன்" என்றது. பிள்ளைகள் தாண்டித் தாண்டி விளையாடின. "ஏலே பேச்சிமுத்து, உன்னைய டப்பாவுக்குள்ள போட்டு அடைச்சிட்டாளே!" என்று ஆண்கள் கேலி பேசினார்கள். பேச்சிமுத்து வெட்கத்தோடு தன் குரலைத் தானே ஒருதரம் தாண்டிப் போய்ப் பார்த்தார்.

மறுநாள்தான் கோலமும் டீயும் பூட்டும் போயின. சுவரில் எதெல்லாம் ஏறியதோ அதெல்லாம் ஊரை விட்டு இறங்கிவிட்டது. பேச்சிமுத்துவுக்கு அன்று காலை பாலக்காட்டு லோடு. செருப்பை மாட்டினார், இருமினார், வாயைத் திறந்தார். வாய் திறந்தே இருந்தது. அடுத்த வீட்டு வாசலில் பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண்பிள்ளையும் அப்படித்தான் வாய் திறந்து நின்றது, அதற்கு அடுத்த வீட்டில் பேங்க்கில் வேலை பார்க்கிறவர் நின்றார். தெருவே வாய் திறந்து நின்றது. ஒருவருக்கும் அந்த வாக்கியம் வரவில்லை, சொல்லாமல் படியிறங்க ஒருவருக்கும் கால் வரவில்லை. எல்லோரும் மெதுவாக வீட்டுக்குள் திரும்பிப் போனார்கள். பேச்சிமுத்து மட்டும் திரும்பவில்லை. ஏற்றிய உப்பு லாரியில் இருந்தது, ஆள் கொஞ்சம் விளையாட்டுக்காரர், மேலும் அவருக்கு முன்னால் தாண்டுவதற்கு நிலையும் இல்லை. ஒரு சிரிப்புச் சிரித்து, "அது வர மாட்டேங்கு. சரிட்டி, போறேன்" என்றார்.

வள்ளி டீச்சர் ஓடிவந்து அவர் வாயைப் பொத்துவதற்குள் அவர் ஓட்டையைக் கடந்துவிட்டார்.

திரும்பி வருகிற அன்று போன் வந்தது.

"ஏ வள்ளி, பாலத்துக்கு வந்துட்டேன்."

"வந்துட்டா வர வேண்டியதுதான, எதுக்குப் போனு?"

"வரத்தான் பாக்கேன். பாலத்துல ஏறும்போது வண்டி ஊரைப் பாத்து இருக்கு. இறங்கும்போது வடக்க பாத்து இருக்கு."

"குடிச்சிருக்கியளா?"

"காலங்காத்தால எவன் குடிப்பான்? மோருதான் குடிச்சேன். இறங்கி நடந்தும் பாத்துட்டேன். நடந்தாலும் அப்படித்தான். ஊரு முன்னால இருக்கு, காலு பின்னால போகுது" என்றார்.

ஊர் பாலத்தின் இந்தக் கரையில் கூடி நின்று பார்த்தது. வெயிலில் பளபளத்துக்கொண்டு லாரி வந்தது, பாலத்தில் ஏறியது, நடுவுக்கு வந்தது. யார் கண்ணும் இமைக்கவில்லை, ஆனாலும் திரும்பியதை யாரும் பார்க்கவில்லை. அது வடக்கே போய்க்கொண்டிருந்தது, பின்பக்கத்தில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்த ஊர்ப் பெயர் சின்னதாகிக்கொண்டு போனது. ஒரு கிழவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், இழவு வீட்டில் செய்வது போல. கோமு, வள்ளி டீச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். வள்ளி டீச்சர் அழவில்லை, அவளுக்கு அழுகை வருவதற்கு முன்பே திகைப்பு வந்து, அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

ஏன் இப்படி என்று ஊர் கொஞ்ச நாள் பேசியது. கண் பட்டுவிட்டது என்றார்கள், அம்மனுக்குக் கொடை கொடுக்காததால் என்றார்கள், பிறகு பேச்சு அலுத்துவிட்டது. வயிறு, வேலை, பரீட்சை, கல்யாணம் எல்லாம் இருந்தன. முதலில் படங்களை இறக்கிப் பார்க்கலாம் என்று தொடங்கினார்கள். கோமுவின் பலகையைச் சுவரிலிருந்து எடுத்ததும், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இழைகள் ஒன்றையொன்று விட்டு அவிழ்ந்து, பலகை வெறும் கறுப்பாகிவிட்டது. கோலம் கைக்கும் திரும்பவில்லை. அன்றிலிருந்து உவர்மேட்டு வாசல்களில் தண்ணீர் மட்டும்தான். மிச்சம் இருந்ததை யாரும் தொடத் துணியவில்லை.

தொடாமல் வாழக் கற்றுக்கொண்டார்கள். மீரான் தன் பாய்லரைக் கிட்டங்கிக்குக் கொண்டுவந்து செம்புக் கம்பி ஆற்றலுக்கு முன்னால் வைத்துக்கொண்டார், அதைப் பார்த்துக்கொண்டு ஆற்றினால் டீ குவளையை விட்டு விலகவில்லை. வீட்டைப் பூட்டியவர்கள் சாவியோடு வந்து அண்ணாச்சி வரைந்த கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள், பார்த்ததும் மனசு பூட்டிக்கொண்டது. அந்த வாக்கியம் வராததால் மாமியாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியாமல் தவித்த ஒரு பெண், டீ வாங்க வந்த இடத்தில் கைத்தாங்கலாக அந்தக் கிழவியை நிலைக்குள் நடத்திக் கூட்டிப்போனாள். மேலேயிருந்து பேச்சிமுத்து இருமிவிட்டு "போயிட்டு வாரேன்" என்றார். அவள் கால் இளகியது. நேராகப் போய் பஸ் ஏறி, டாக்டரைப் பார்த்து, சாயங்காலமே இருவரும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் கிட்டங்கி முன்னால் கூட்டம் பஜார் வரை நின்றது. பஸ் நிறுத்தமும் கிட்டங்கிக்கு எதிரே வந்துவிட்டது. காலேஜுக்குப் போகிறவர்கள், உப்பு வியாபாரிகள், புகுந்த வீட்டுக்குப் போகிற புதுப்பெண், தேர்தல் வேலைக்குப் போகிற வாத்தியார், மீன் கூடையோடு சந்தைக்குப் போகிற பெண்கள், எல்லோரும் அந்த நிலையைத் தாண்டினார்கள். எல்லோருக்காகவும் பேச்சிமுத்து சொன்னார், எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

வள்ளி டீச்சரும் தாண்டினாள். தினமும் மதியம் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு, வரிசையில் நின்று, தன் வீட்டு நிலையை ஊர்ச் சனத்தோடு சனமாகத் தாண்டி, தன் வீட்டுக்காரர் குரலைத் தலைக்கு மேல் வாங்கிக்கொண்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் போவாள். லாரி நிழலில் அவர் உட்கார்ந்திருப்பார். உப்பேற்றப் போக அவருக்கு இப்போது ஊர் இல்லை, முதலாளி வேறு வண்டி வைத்துக்கொண்டார்.

"ஊருல என்ன விசேஷம்?"

"உங்களப் பத்தித்தான் பேச்சு. உங்க குரலுக்கு எலுமிச்சம்பழம் கட்டியிருக்காவ."

"குரலுக்குக் கட்டுனா எனக்குப் புளிக்குமா?" என்று சிரிக்கப் போனவர், தொண்டையைப் பிடித்துக்கொண்டார். "காலையில பஸ் நேரத்துக்கு இங்க பிடுங்குது வள்ளி. ஒவ்வொருத்தரா என்கிட்ட இருந்து ஒரு 'வாரேன்' எடுத்துட்டுப் போற மாதிரி. எத்தனைதான் இருக்கும் என்கிட்ட?"

அவர் குரல் கம்மியது, பிறகு கரகரத்தது, பிறகு வெறும் மூச்சாக வந்தது. குரலோடு சேர்ந்து வேறொன்றும் கரைந்தது. ஒருநாள், "நம்ம வீட்டுக்கு முன்னால என்ன மரம்?" என்று கேட்டார். பூவரசு என்றாள். "ஆமா, பூவரசு" என்று தலையாட்டினார், தெரிந்துகொண்டு ஆட்டிய ஆட்டல் இல்லை அது. இன்னொரு நாள் தெருப் பெயர் போயிற்று. அடுத்து ஊர்ப் பெயரை லாரியின் பின்பக்கம் போய்ப் படித்துவிட்டு வந்தார். அவள் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் சோற்றைப் பிசைந்து கொடுத்தாள், மீனில் முள் எடுத்துக் கொடுத்தாள், பழைய பெயர்களை ஒவ்வொன்றாக, குழந்தைக்குச் சொல்வதைப்போல, காதோரம் சொல்லிக் கொடுத்தாள்.

ஊர் அவளை மதிப்போடு நடத்தியது. வரிசையில் அவளுக்கு வழி விட்டார்கள். மீன் வந்தது, முருங்கைக்காய் வந்தது. தெரு முனையில் பேச்சிமுத்து படம் போட்டு, 'எங்களைக் கூட்டிச் செல்லும் குரலே, திருப்பிக் கொண்டுவரும் குரலே' என்று பிளெக்ஸ் வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு மதியம், பாலத்துக்கு அந்தப் பக்கம், லாரி நிழலில் உட்கார்ந்திருந்த பேச்சிமுத்து அவள் வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அப்படி அவர் எழுந்து நின்றதே இல்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். மூச்சுக் குரலில், மரியாதையாக, "சோத்த வச்சிட்டுப் போங்க டீச்சர்" என்றார்.

ஊரே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. அவர் ஒருவர்தான் கூப்பிட்டதில்லை.

அவள் தூக்குவாளியை வைத்துவிட்டு வந்தாள். பாலத்தில் எப்படி நடந்தாள், கிட்டங்கிக்குள் எப்படி வந்தாள் என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. உள்ளே நிலைக்கு மேல் புதிதாகச் சட்டம் போட்ட ஒரு போட்டோ மாட்டியிருந்தது. பேச்சிமுத்து, கல்யாண வீடு ஒன்றில் எடுத்தது, வாய் நிறையச் சிரிப்பு. போட்டோவுக்குச் சந்தன மாலை போட்டு, கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பு எரியவிட்டிருந்தார்கள்.

"ஆசையாத்தான் போட்டோம்க்கா" என்றாள் அங்கே நின்ற கோமு. சொன்ன பிறகுதான் எதைப் போட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது. அவள் கை தன் வாயைத் தேடிப் போயிற்று.

வள்ளி டீச்சர் நாற்காலியில் ஏறி மாலையைப் பிய்த்தாள். சந்தனச் சீவல் ஒவ்வொன்றாகத் தரையில் உதிர்ந்தது. அவள் நாற்காலியிலிருந்து இறங்காமலே, "என் வாசலை எனக்குத் தாங்க" என்றாள்.

மறுநாள் காலையில் கிட்டங்கியில் ஊர் கூடியது. கிளம்ப வேண்டியவர்கள் பையும் பெட்டியுமாகவே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

தங்கதுரை அண்ணாச்சி நல்ல மனிதர், நிதானமாகத்தான் பேசினார். "டீச்சர், கோமு பலகைக்கு என்ன ஆச்சுன்னு நீங்களும் பாத்திய. இதையும் எடுத்து, ஒண்ணுமே இல்லாமப் போச்சுன்னா? அப்புறம் இந்த ஊர்ல இருந்து யாரு கிளம்ப முடியும்? ஒரு ஆளுக்காக ஊரு வாசலை அடைக்கச் சொல்லுதியளே."

"ஊரு வாசல் இல்ல அண்ணாச்சி. என் வீட்டு வாசல்."

"சரி. கொண்டுபோய் மாட்டினா அவரு வந்துருவாரா?"

"தெரியாது."

"தெரியாதுங்கிய."

"கோலம் படம் அண்ணாச்சி. இது படம் இல்ல, மரம். நிக்க வேண்டிய இடத்துல நின்னா அதுக்கு ஞாபகம் வரும்னு நெனைக்கேன். எனக்குத் தெரியாது. ஆனா இங்க நின்னா அவுகளுக்கு என்னைத் தெரியாமப் போயிரும், அது எனக்குத் தெரியும். நேத்தே போயிட்டு."

கூட்டத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஒரு பெண் எழுந்து, "யக்கா, பாலத்துக்கு அந்தாண்ட அவுகளுக்கு ஒரு வீடு கட்டிக் குடுத்துருவோம், ஊரே சேர்ந்து கட்டுவோம்" என்றாள். நல்ல யோசனை என்று பலர் சொன்னார்கள். ஓட்டு வீடா மாடி வீடா என்று இரண்டு பேர் அப்போதே பேசத் தொடங்கிவிட்டார்கள். டிபன் பெட்டியை மடியில் வைத்திருந்த ஒருவர், "எம்மவளுக்கு இன்னைக்குப் பரீட்சை டீச்சர், பேசினது போதும்னா அவ கிளம்பிருவா" என்றார், கெஞ்சுகிற குரலில்.

"ஒரே ஒரு நாள்" என்றாள் வள்ளி டீச்சர். "ஒரு நாள் யாரும் எங்கேயும் போகாம இருங்க. நான் மாட்டிப் பாக்கேன்."

அண்ணாச்சி ஊரைப் பார்த்தார். "நிலை இங்கேயே இருக்கட்டுங்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் உடனே எழவில்லை. முதலில் பின்வரிசையில் ஒன்று, பிறகு அதன் பக்கத்தில் ஒன்று, பிறகு கிட்டங்கி முழுக்க, அவளிடம் தையல் படித்த கைகள், காஜா எடுக்கவும் கொக்கி வைக்கவும் அவள் பிடித்துப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த கைகள், எல்லாம் தலைக்கு மேலே எழுந்து, காற்றில்லாத நாளில் நிற்கும் பனைகளைப்போல அசையாமல் நின்றன. கை தூக்கியவர்களில் பாதிப்பேர் அழுதுகொண்டிருந்தார்கள். மீரான் மட்டும் பாய்லருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றார். கோமு தன் கையை இடுப்பு வரை தூக்கி, அங்கேயே வைத்திருந்தாள்.

வள்ளி டீச்சர் எல்லாக் கைகளையும் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. தன் வீட்டில் இத்தனை பேர் இருக்கிறார்களா என்று அப்போதுதான் எண்ணிப் பார்க்கிறவளைப்போல் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

"சரின்னுட்டா" என்று ஊர் மூச்சு விட்டது. கைகள் இறங்கின. சிலர் சேலைத் தலைப்பால் முகம் துடைத்துக்கொண்டு, அவரவர் பையை எடுக்கக் குனிந்தார்கள்.

அவள் நேராக நிலைக்கு நடந்தாள். கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. நிலையின் பக்கவாட்டில், பேச்சிமுத்து செருப்பு மாட்டும்போது ஊன்றி ஊன்றிக் கறுத்துப்போயிருந்த இடத்தில் கையை வைத்தாள். ஸ்பீக்கர் இருமுவதற்கு முன்னால், ஊரைத் திரும்பிப் பார்த்து, வகுப்பில் பெயர் கூப்பிடுகிற குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, "நான் போறேன்" என்றாள்.

ஒரு பெண் வீலென்று கத்தினாள். "யக்கா, திருப்பிச் சொல்லுங்க! திருப்பிச் சொல்லுங்க!" என்று கோமு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். உவர்மேட்டில் பிறந்த யாரும் அந்தச் சொல் ஒரு சுமங்கலியின் வாயிலிருந்து, தெளிந்த மனதோடு, நல்ல வெளிச்சத்தில் வந்து கேட்டதில்லை. எத்தனையோ அம்மாக்களின் கைகள் தாமாகவே எழுந்தன, ஆனால் அடிப்பதற்கு அவள் யாருடைய பிள்ளையும் இல்லை. அவள் தாண்டினாள். மேலே ஸ்பீக்கர் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வெயிலில் சாலை வெள்ளையாகக் கிடந்தது, அவள் அதில் வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் நடந்து போனாள். பின்னால் போனவர்கள் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். அவள் லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றதையும், அங்கே உட்கார்ந்திருந்தவர் எழுந்ததையும், அவள் ஏதோ சொன்னதையும், வெகுநேரம் சொல்லிக்கொண்டே இருந்ததையும் அவர்கள் பார்த்தார்கள். பிறகு அவர் இந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார், அவள் ஏறினாள். அவர் அந்தப் பக்கமாகப் போய் ஏறிக்கொண்டார். லாரி ஏற்கனவே வடக்கே பார்த்துத்தான் நின்றது.

அன்று யாரும் வெளியூர் போகவில்லை. யாரும் போகக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை.

அடுத்த நாள் ஊருக்கு வேலை இருந்தது. கிட்டங்கி முன்னால் வழக்கம்போல வரிசை நின்றது, கொஞ்சம் பேச்சுக் குறைந்த வரிசை. முதலில் தங்கதுரை அண்ணாச்சி நின்றார். நாகர்கோவிலில் மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது என்று விடியும்போது போன் வந்திருந்தது. கையில் பிளாஸ்க், தோளில் துணிப்பை. கோமு பின்னாலேயே வந்து, "போனதும் போன் பண்ணுங்க, பச்சைத் தண்ணி குடுக்காதீங்கன்னு சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே பஸ் ஹாரன் அடித்தது. அண்ணாச்சி அவசரமாக வலது காலைத் தூக்கி நிலைக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

ஸ்பீக்கர் இருமவில்லை. கம்மலும் இல்லை, கரகரப்பும் இல்லை. இவ்வளவு நாளில் யாரும் கேட்டிராத அளவுக்குத் தெளிவாக, நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, பக்கத்தில் ஆள் இருக்கிற ஒரு மனிதனின் குரலில் பேச்சிமுத்து சொன்னார்:

"போறேன்."

வரிசை முழுவதும் அப்படியே நின்றது. ஊன்றிய கால் அந்தப் பக்கமும் ஊன்றாத கால் இந்தப் பக்கமுமாக அண்ணாச்சி திரும்பிப் பார்க்க முயன்றார், கழுத்து மட்டும் திரும்பியது. கோமு அவர் சட்டையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பற்றியிருந்தாள். பிளாஸ்க் விழுந்து உடைந்து வெந்நீர் இரண்டு பக்கமும் ஓடியது. பஸ் இன்னொரு முறை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போயிற்று.

அவள் இன்னும் சட்டையை விடவில்லை.